இன்னொருவர் வீடு

இதைச் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே நிச்சயமில்லை. முஷ்ரிபா இதை ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒரு நாள் கொஞ்சம் சொல்வாள், பல வாரங்கள் கழித்து இன்னும் கொஞ்சம். நடுவில் தேநீர் ஆறி ஆடை படியும் வரை பேசாமலிருப்பாள். அந்த மௌனங்களை நானாக எதையாவது போட்டு நிரப்பியிருக்கக்கூடும். அவள் கொஸ்லந்தைக்குப் போன அன்று மழையா, வெறும் மூட்டமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அங்கே யார் என்ன பேசினார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் சொன்னாள். அதை நம்பித்தான் சொல்கிறேன்.

முஷ்ரிபா பதுளையில் ஒரு தனியார் உயர்கல்லூரியில் விவசாயப் பாடம் நடத்துகிறவள். வாப்பா மொஹிதீனுக்குப் பஸார் வீதியில் இரும்புச் சாமான் கடை. படித்து முடித்த வருடம் அவளுக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. வாப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அங்க நீ யார்ட வீட்டுல நிப்பாய் மகள்?" விடுதி என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. கடைக்குப் போய்விட்டார். இவளும் போகவில்லை; அதைப் பற்றிப் பிறகு பேசவுமில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, நெதர்லாந்திலுள்ள ஓர் அமைப்பு, இலங்கை மலையகத்து மாணவர்கள் ஒரு பருவம் அங்கே வந்து படிக்கப் பணம் தர முன்வந்தது. திட்டம் போடும் வேலையை முஷ்ரிபா கேட்டு வாங்கிக்கொண்டாள். பாடங்களைப் பொருத்துவது, விசாவுக்கு அலைவது, பெற்றோரைச் சம்மதிக்க வைப்பது எல்லாம் அவள் தலையில். பிள்ளைகள் விடுதியில் தங்குவதா, ஒரு குடும்பத்தோடு தங்குவதா என்று அந்த அமைப்பு கேட்டபோது அவள் யோசிக்கவேயில்லை. குடும்பம் என்று எழுதினாள். வாப்பாவின் கேள்விக்கு அவளிடம் அப்போது இல்லாத பதில் அது. இந்தப் பிள்ளைகளின் தகப்பன்மாரிடம் சொல்ல அந்தப் பதில் கையில் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

நினைத்தது வீண்போகவில்லை. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை செய்யும் நல்லையா, தன் மகள் டிலாஷினியை அனுப்பச் சம்மதித்தது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். "குடும்பமா இருக்கிற வீடுன்னா சரிங்க டீச்சர்," என்றார். அவர் மனைவி பாக்கியலெட்சுமி புருஷனுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

புறப்படுவதற்கு முன் பிள்ளைகளை உட்காரவைத்து முஷ்ரிபா எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். குளிருக்கு எதை உடுப்பது, ரயிலில் எப்படிச் சீட்டு எடுப்பது, விரிவுரையாளரைக் கேள்வி கேட்க ஏன் பயப்படக்கூடாது என்றெல்லாம். வீட்டைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். "அந்த வீட்டுல நல்ல பேர் எடுங்க. உங்களப் பாத்துத்தான் அடுத்த பிள்ளைகள எடுப்பாங்க." ஒரு நிபந்தனையையும் அழுத்திச் சொன்னாள். அங்கே பாடங்களில் தேறாவிட்டால் இங்கே அந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். டிலாஷினிக்கு அதைத் தனியாகவும் சொன்னாள். அவள் உதவிப் பணத்தில் படிக்கிற பிள்ளை. வருடம் திரும்பினால் அந்தப் பணம் நின்றுவிடும். அதற்குப் பிறகு நல்லையாவின் சம்பளத்தில் படிப்பு நடக்காது.

பருவம் பாதி கடந்ததும் மதிப்பீடு செய்து அனுப்ப வேண்டும் என்பது பணம் தந்தவர்களின் ஏற்பாடு. இரண்டாம் அணி போவதா இல்லையா என்பது அதைப் பொறுத்தது. அந்த அணியில் முதல் பெயர் றிப்காவுடையது. அவள் அதற்குள் கம்பளிக் குல்லாய் வாங்கிவிட்டாள் என்று வகுப்பே கேலி செய்துகொண்டிருந்தது.

முஷ்ரிபா ஒவ்வொருவராக அழைத்துப் பேசினாள். பதுளைப் பையன் றில்வானை நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"மிஸ், இவங்க சோறு எண்டு ஒண்டு தாராங்க. அது சோறில்ல மிஸ், பசை. சுவர்ல போஸ்டர் ஒட்டலாம்."

"படிப்பு எப்பிடி?"

"அது போகுது மிஸ். ரூம் குளிர் எண்டு வீட்டுக்காரரோட சண்ட புடிச்சு ஹீட்டர மாத்தி எடுத்தேன். இப்ப அவரும் நானும் சேந்துதான் புட்போல் பாக்கிற."

டிலாஷினி ஒரே வாக்கியத்தில் முடித்தாள். "ஒரு கொறையும் இல்ல மிஸ். எல்லாரும் நல்லா பாத்துக்கிறாங்க."

அவள் தங்கியிருந்த வீட்டில் வயதான இரண்டு பேர். மரைக்கே என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையும், முழங்கால் நோயால் அதிகம் நடக்க முடியாத அவர் கணவரும். வீட்டாரிடமிருந்து வந்த மதிப்பீட்டில் டிலாஷினிக்குத்தான் எல்லாரிலும் கூடுதல் புள்ளி. ஆனால் அங்கத்தைய விரிவுரையாளர் வேறு கதை சொன்னார். முதல் வாரங்களில் நூலகத்தில் இருந்த பிள்ளை இப்போது வகுப்பு முடிந்ததும் போய்விடுகிறாள். சில நாள் வகுப்பிலேயே தூங்கிப்போகிறாள். இரண்டு பாடங்கள் கைவிட்டுப் போகும் நிலையில் இருக்கின்றன.

துறைத் தலைவர் ஹஸீப் அதைக் கேட்டுத் தலையசைத்தார். "மொழிப் பிரச்சின எண்டு எழுதுங்க முஷ்ரிபா. எல்லாத் திட்டத்துலயும் அப்பிடி ஒண்டு ரெண்டு வரும். வீட்டுப் பக்கம் பாருங்க, முழுப் புள்ளி. அத முன்னுக்குப் போடுங்க."

பெற்றோரையும் கேட்க வேண்டும் என்று மதிப்பீட்டில் சேர்த்திருந்தது முஷ்ரிபாதான். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. டிலாஷினியின் வீட்டுக்கு வெறுங்கையோடு போக அவளுக்கு மனமில்லை. மரைக்கே குடும்பத்தோடு பேசிய வீடியோ அழைப்பைப் போனில் பதிந்து வைத்திருந்தாள். மகளைப் பற்றி வெள்ளைக்காரர்கள் சொல்வதைத் தாய் தகப்பன் கேட்கட்டுமே என்று அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டாள்.

பண்டாரவளையில் ஒரு பஸ், அப்புத்தளையில் இன்னொன்று. கொஸ்லந்தையில் இறங்கியதும் சுரேஸ் என்ற த்ரீவீல்காரன், யார் வீடு என்று கேட்காமலே ஏற்றிக்கொண்டான். "ஹொலண்டு போன புள்ள வீடுதானே டீச்சர்? இப்ப எங்க தோட்டத்துக்கே அதான் அட்ரஸ்."

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் முன்னால் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். யாரிடமிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. முஷ்ரிபா அதில் உட்கார்ந்தாள். பாக்கியலெட்சுமியையும் உட்காரச் சொன்னாள்.

"பரவால்லீங்க டீச்சர். நின்னே பழகிருச்சு."

போனை நல்லையா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திரையில் மரைக்கே சிரித்தார். பக்கத்தில் கணவர், இன்னொரு பக்கம் விருந்துக்கு வந்த மகளும் மருமகனும். மேசையில் கேக் வெட்டி வைத்திருந்தார்கள். பின்னால் கழுவுதொட்டியை ஒட்டி டிலாஷினி தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

"ஏய், நல்லா நெறமாயிட்டா பாரு."

"குளுர்ல எல்லாரும் வெளுத்துதான் போவாங்க. நம்ம சுரேஸ் போனாக்கூட வெளுப்பான்."

முஷ்ரிபா ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

"நாங்க எழும்புறதுக்கு முந்தியே அவள் எழும்பிடுவாள்னு சொல்றாங்க."

"அது எங்க லயத்துப் பழக்கம்," என்றார் நல்லையா பெருமையாக.

"நாங்க கீழ எறங்கி வரக்குள்ள குசினி பளபளன்னு இருக்கும்னு சொல்றாங்க."

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் விஜயலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இங்க ஒரு சட்டி கழுவச் சொன்னா பரீட்ச இருக்குன்னு ஓடிருவா. வெள்ளக்காரி வீட்டுல கழுவுறாளாமா? இரு, வரட்டும், கேக்குறேன்."

"எனக்கும் அந்தம்மாகிட்ட சொல்லி வைங்க டீச்சர்," என்றான் சுரேஸ். "நானும் வர்றேன், சட்டி கழுவ."

"முகம் சுளிச்சு நாங்க பாத்ததேயில்ல. சாப்பிடக் கூப்பிட்டாலும், நீங்க சாப்பிடுங்க, நான் பிறகு சாப்பிடுறேன்னு சொல்லுவாள். அவ்வளவு அடக்கம்."

மரைக்கே கொஞ்சம் நெகிழ்ந்து, கணவரின் கையைத் தொட்டபடி கடைசியாக ஒன்று சொன்னார். முஷ்ரிபா அதையும் தமிழாக்க வாயெடுத்தாள். "இவள் வரமுந்தி நாங்க எப்பிடித்தான் காலம் தள்ளினோமோ..."

அந்த வாக்கியம் பாதியில் நின்றுபோனது. அதை அவள் யோசித்து மொழிபெயர்க்கவில்லை. ஏற்கெனவே அவளுக்குள் தமிழில் இருந்த வாக்கியம் அது. உம்மாவின் குரலில் இருந்தது. முஷ்ரிபா பள்ளிக்கூடம் போன காலத்தில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ராசம்மா என்றொரு பிள்ளை அவர்கள் வீட்டில் வேலைக்கு நின்றாள். முஷ்ரிபாவின் வயதுதான். உம்மா அவளை அடித்ததில்லை, ஏசியதும் குறைவு. வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் அவளைப் புகழ்வார். எழும்புறதுக்கு முந்தி எழும்பிடும். மொகம் சுளிக்காது. நாங்க திண்ட பொறகுதான் தின்னும். இவள் வரமுந்தி எப்பிடித்தான் காலம் தள்ளினோமோ. அதே சொற்கள், அதே வரிசையில். கேட்கும்போது ராசம்மா எங்கே நின்றுகொண்டிருப்பாள் என்று முஷ்ரிபா யோசித்துப் பார்த்தாள். கழுவுதொட்டியை ஒட்டித்தான்.

"அப்புறம் என்ன சொல்றாங்க டீச்சர்?" என்றார் நல்லையா.

"நல்ல பிள்ளைன்னு சொல்றாங்க."

கூட்டம் மகிழ்ச்சியோடு கலைந்தது. நல்லையா சுரேஸிடம் இன்னொரு முறை அந்த அழைப்பைப் போட்டுக் காட்டச் சொன்னார். பாக்கியலெட்சுமி மட்டும் எப்போதோ உள்ளே போயிருந்தாள்.

முஷ்ரிபா எழுந்து குசினிக்குள் போனாள். அடுப்பில் பிளேன்டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பாக்கியலெட்சுமி அதை இறக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா டீச்சர்? தப்பா நெனச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"அவளுக்கு அங்க சம்பளம் ஏதும் குடுக்குறாங்களா?"

அந்தக் கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அது முஷ்ரிபாவுக்கு இன்னும் கடினமாக இருந்தது.

"இல்ல. அவள் படிக்கத்தானே போனா."

"இல்ல... வேல செய்றாளே. அதான் கேட்டேன்."

பாக்கியலெட்சுமி கொதித்த தண்ணீரை இறக்கி வைத்தாள். தேயிலை போட்டாள். சீனி போட்டாள். கைகள் தம் பாட்டில் வேலை செய்ய, அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"படத்துல எல்லாரும் ஒக்காந்திருந்தாங்க டீச்சர். அவ நின்னுக்கிட்டிருந்தா. பாத்தவொடனே தெரிஞ்சிருச்சு. நான்தான் டீச்சர் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"நீங்க வீடுன்னு சொன்னீங்கள்ல. இன்னொருத்தர் வீட்டுல இருக்கணும்னு. எனக்கு வேற என்ன தெரியும்? பத்து வயசுல என்னையும் ஒரு வீட்டுலதான் கொண்டுபோயி விட்டாங்க, கொழும்புல. அங்க கத்துக்கிட்டத சொன்னேன். அவங்க எந்திரிக்கிறதுக்கு முந்தி எந்திரிச்சிரு. அவங்க சாப்ட்ட பொறகு சாப்புடு. கேட்டாத்தான் பேசு. எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் அவங்களோட சமமா ஒக்காந்துறாத. நான் ஒரு நா ஒக்காந்துட்டேன், டீவி பாக்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுல நான் எங்கயும் ஒக்காரல." நிறுத்தி, தேநீரை வடித்தாள். "புள்ளைக்கு அந்த மாதிரி ஒண்ணும் நடந்துறக் கூடாதேன்னுதான் சொன்னேன்."

முஷ்ரிபா தேநீரை வாங்கினாள். தான் சொன்னதும் இதுவேதான் என்று அவளுக்குத் தோன்றியது. நல்ல பேர் எடுங்க. விசாவுக்கும் குளிருக்கும் இருந்த நேரம் அவளிடம் வீட்டுக்கு இருக்கவில்லை. ஒரு வீடு என்றால் என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று விட்டுவிட்டாள். றில்வானுக்கு வீடு என்றால் சண்டை பிடிக்கிற இடம். இவளுக்கு?

"நீங்களே அவளோட பேசுறீங்களா?" என்று கேட்டாள்.

லயத்துக்குள் சிக்னல் நிற்காது. நல்லையாவிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு இருவரும் மேலே தேயிலைக்குள் ஏறி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். அங்கே அப்போதுதான் காலை. முஷ்ரிபா போனை ஸ்பீக்கரில் போட்டாள். டிலாஷினி எடுத்ததும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"பாப்பா, சாப்டியா?"

"சாப்டேம்மா. நீ?"

"எங்க ஒக்காந்து சாப்ட்ட?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று முஷ்ரிபா திரையைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"குசினியிலதாம்மா."

"அவங்க?"

"மேசைல."

"ஒன்னையக் கூப்புடலயா?"

"கூப்புடுவாங்க. தெனமும் கூப்புடுவாங்க. நான்தான் பொறகு சாப்புடுறேன்னு சொல்லிருவேன்."

"ஏம்மா?"

"நீதானே சொன்ன."

பாக்கியலெட்சுமி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. வாயிலிருந்து எதுவும் வந்துவிடாமல் அடைப்பதுபோல வைத்திருந்தாள். பிறகு எடுத்தாள்.

"நான் சொன்னது வேலைக்குப் போற புள்ளைக்கு. நீ படிக்கப் போயிருக்க. அம்மாவுக்கு வித்தியாசம் தெரியல. இப்ப சொல்றேன், கேட்டுக்க. அத மறந்துரு. போயி அவங்களோட ஒக்காரு."

"ஒக்காந்து பாத்தேம்மா. ஒரு நா." டிலாஷினியின் குரல் சாதாரணமாகவே இருந்தது. "தொண்டையில எறங்கல. அந்தம்மா ரொம்ப நல்லவங்க. அவங்க சாப்புட்டு முடிச்சு தட்ட எடுக்கப் போனா என் கை தானா போயிருது. மேல ரூம்ல எனக்குன்னு மேச போட்டுக் குடுத்திருக்காங்க, படிக்க. கீழ ஒரு சத்தம் கேட்டா காலு எறங்கிருதும்மா. அந்தத் தாத்தாவுக்கு முட்டி வேற ஏலாது. மொத மாசம் வேணாம் வேணாம்னாங்க. இப்ப ஒண்ணும் சொல்றதில்ல."

"மிசினு கிசினு ஒண்ணும் இல்லயா அந்த வீட்டுல?"

"இருக்கு. சட்டி கழுவ தனி மிசினே இருக்கு. நான் அதுல போட வுடுறதில்ல."

பாக்கியலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமும் மகள் சிரித்தாள். இரண்டு பேரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். முஷ்ரிபா கீழே தெரிந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளால் சிரிக்க முடியவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது பாக்கியலெட்சுமி சொன்னாள்: "அவளால முடியாது டீச்சர். நான் சொல்லிட்டா மட்டும் போயிருமா? எனக்கே போகலயே. யாருமில்லாத எடத்துல போடுங்க அவள. யாருக்காகவும் அவ எந்திரிக்க வேண்டாத எடமா பாத்துப் போடுங்க. அப்பத்தான் படிப்பா."

அன்று பதுளைக்குத் திரும்பியதும் உம்மா லரீபா முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன மகள், மொகம் இப்பிடி இக்கி?"

"உம்மா, ராசம்மா இப்ப எங்க இருக்கா?"

"எந்த ராசம்மா?" உம்மாவுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. "ஓ, அந்தப் பசறைப் புள்ளயா? ஆருக்குத் தெரியும்? தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போன. நல்ல புள்ள அது."

முஷ்ரிபா மேற்கொண்டு கேட்கவில்லை. தன் அறைக்குப் போய் நெதர்லாந்துக்கு மின்னஞ்சல் எழுதி, டிலாஷினியை உடனே விடுதிக்கு மாற்றும்படி கேட்டாள். மாற்றம் என்றால் காரணம் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். காரணத்தை மதிப்பீட்டில் எழுதுகிறேன் என்று முடித்தாள்.

மறுநாள் ஹஸீப் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"பிள்ளைய மாத்தினது சரி. அது மனிதாபிமானம். ஆனா காரணத்த எழுதப் போறீங்களா?"

"எழுதத்தான் வேணும் சேர்."

"யோசிச்சுப் பாருங்க. வீட்டு வேல எண்டு ஒரு சொல் விழுந்தா அவங்களுக்கு அது வேற அர்த்தம், சம்பளமில்லாம வேல வாங்கின எண்டு. விசாரண வைப்பாங்க. அந்தக் கிழவன் கிழவி என்ன குத்தம் செஞ்சாங்க? அவங்க வேல வாங்கல, இவள் செஞ்சாள். கடைசில திட்டத்தையே மூடுவாங்க. றிப்கா வெளிய நிக்கிறா. அவளுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"எழுதாட்டி அடுத்த பருவம் இன்னொரு தோட்டத்துப் பிள்ள போய் அதே தொட்டிக்கிட்ட நிக்கும் சேர். முழுப் புள்ளி எடுக்கும். நாம திட்டம் நல்லாப் போகுது எண்டு எழுதுவோம்."

ஹஸீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனிதரல்ல. இந்தத் திட்டத்துக்காகக் கொழும்புக்கு எத்தனையோ முறை பஸ் ஏறியவர். "பயிற்சில திருத்தம் தேவை எண்டு எழுதுங்க," என்றார். "அதுல எல்லாம் அடங்கும்."

"அடங்காது சேர்."

வெளியே நடைபாதையில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. றிப்காவின் குரலும் அதில் இருந்தது என்று முஷ்ரிபா என்னிடம் சொன்னாள். அதை மட்டும் அவள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

முஷ்ரிபா எழுதினாள். குடும்பத்தோடு தங்கவைக்க முடிவெடுத்தது தான் என்று எழுதினாள். தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்கு இன்னொருவர் வீடு என்றால் என்னவென்று தான் கேட்காமல் விட்டதையும், பிள்ளைக்குத் தாய் சொல்லிக்கொடுத்ததையும் எழுதினாள். மரைக்கே குடும்பத்தார் எதையும் கேட்டுச் செய்விக்கவில்லை என்பதை இரண்டு இடத்தில் எழுதினாள். அடுத்த முறை எல்லாரையும் விடுதியில் வைக்க வேண்டும், அல்லது வீட்டாரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்து முதலில் பேச வேண்டும் என்று யோசனையும் சேர்த்தாள். அனுப்பினாள்.

ஹஸீப் சொன்னதுதான் நடந்தது. மதிப்பீட்டைப் படித்தவர்கள் வீட்டு வேலை என்ற அந்த ஒரு சொல்லைத்தான் பார்த்தார்கள். விசாரணைக்கு ஆட்கள் மரைக்கேயின் வீட்டுக்குப் போனார்கள். டிலாஷினியையும் கேட்டார்கள். அவள் யாரைப் பற்றியும் குறை சொல்லவில்லை. மரைக்கே முஷ்ரிபாவை அழைத்து அழுதார். "நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லையே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆமாம், நீங்கள் கேட்கவில்லை என்றாள் முஷ்ரிபா.

இரண்டாம் அணி போகவில்லை. அந்த அமைப்பு பணத்தை வேறொரு நாட்டுக்குத் திருப்பிவிட்டது.

டிலாஷினி விடுதிக்கு மாறிய பிறகு படித்தாள். கைவிட்டுப் போகவிருந்த இரண்டு பாடங்களில் ஒன்றைப் பிடித்தாள். மற்றதில் தேறவில்லை. இங்கே அந்த வருடத்தைத் திரும்பப் படித்தாள். உதவிப் பணம் நின்றதால், மாலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்துகொண்டு முடித்தாள். அணி போகாதது அவளால்தான் என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு. அவள் பதில் சொன்னதில்லை. இப்போது பண்டாரவளையில் மரக்கறி விதை விற்கும் கம்பெனியொன்றில் கள உத்தியோகத்தராக இருக்கிறாள்.

றில்வான் அங்கேயே மேற்படிப்புக்குத் தங்கிவிட்டான். றிப்கா மொனராகலையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். முஷ்ரிபாவைக் கண்டால் சலாம் சொல்வாள், நின்று பேசமாட்டாள். மரைக்கேயின் கணவர் அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார். மரைக்கே அதற்குப் பிறகு யாரையும் வீட்டில் தங்கவைக்கவில்லை. ஹஸீப் ஓய்வு பெற்றுவிட்டார். லரீபா இருக்கிறார், இப்போது கண் பார்வை குறைவு. நல்லையாவும் பாக்கியலெட்சுமியும் அதே லயத்தில் இருக்கிறார்கள், அவள் இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறாள். முஷ்ரிபா அதே கல்லூரியில் படிப்பிக்கிறாள். வெளிநாட்டுத் திட்டம் எதையும் அவளிடம் பிறகு யாரும் ஒப்படைக்கவில்லை.